ஏழாம் குழி

கோடு விழுந்தால் நல்லது, நேராகப் போனால் கெட்டது. ஒன்று விழுந்துவிட்டது என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணீர் விடுகிற மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால், கோயம்புத்தூரில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்குத்தான் போக வேண்டும். அங்கே முடிவு சொல்லும் அறை என்று ஒன்று இருந்தது. சொல்கிற வேலை மிருதுளாவுடையது. அவள் டாக்டர் இல்லை, பக்கத்து ஆய்வகத்தில் டெக்னீஷியன். டாக்டர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு கெட்ட செய்தி சொன்ன காலமெல்லாம் மலையேறிப் போய்விட்டது. இப்போது தட்டு சொல்லும், தட்டு சொன்னதை மிருதுளா சொல்வாள்.

தட்டு என்றால் தங்கத்தட்டு. அரசாங்கம் அதற்கு மூச்சு வாங்கும்படி ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் அதைச் சீண்டவில்லை. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் துண்டு, அதில் ஏழு சின்னக் குழிகள், குழிகளின் அடியில் தங்கப் பூச்சு. நோயாளியின் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த செல்களை அந்தக் குழிகளில் விட்டு வளர்ப்பார்கள். பிறகு குழிக்கு ஒரு மருந்தாக விட்டுப் பார்ப்பார்கள். எந்த மருந்துக்குச் செல்கள் சாகின்றனவோ அந்த மருந்தைத்தான் நோயாளிக்குக் கொடுக்கலாம். எதற்கும் சாகவில்லையென்றால் மருந்து கிடையாது, சிகிச்சைக் கார்டை மூடிவிடுவார்கள், வீட்டுக்குப் போகலாம். சட்டம் அப்படி. கெட்ட எண்ணத்தில் வந்த சட்டமும் இல்லை. கேட்காத மருந்துகளுக்காகத் தோட்டத்தை விற்று, ஆளையும் பறிகொடுத்து, நடுத்தெருவில் நின்ற குடும்பங்களைப் பார்த்துப் பொறுக்காமல்தான் கொண்டுவந்தார்கள். நல்லதை நினைத்துச் செய்த காரியங்கள்தாம் நம் ஊரில் ஆளை நின்று கொல்லும்.

பூபாலனும் அவர் மனைவி சுகந்தியும் அந்த அறைக்கு வந்தது புரட்டாசியில். பூபாலனுக்குக் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை. கணையத்தில் கட்டி. ஆள் பாதியாக இளைத்திருந்தார், ஆனால் எந்த மெஷினைக் கண்டாலும் கேள்வி கேட்கிற பழக்கம் மட்டும் இளைக்கவில்லை.

"அம்மிணி, எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. செல்லு செத்துதா இல்லையான்னு கரண்டுக்கு எப்படித் தெரியும்?"

"உசிரோட இருக்கற செல்லு தங்கத்து மேல நல்லா ஒட்டிப் படுத்துக்குங்ணா. அது படுத்திருந்தா கரண்டு போக வழி இருக்காது. செத்துதுன்னா புடியை உட்டுடும், கரண்டு சுலுவாப் போயிடும். எவ்வளவு தடை இருக்குதுன்னுதான் மெஷினு கோடாப் போடுது. தடை கொறைஞ்சா கோடு விழும்."

"அப்ப மெஷினு செல்லைப் பாக்கறதே இல்லீங்களா?"

"இல்லீங்ணா. தடையை மட்டுந்தான் பாக்குது."

"வூட்டுக்குள்ள ஆள் இருக்கறானான்னு கதவைத் தள்ளிப் பாக்கற மாதிரி" என்று பூபாலன் சிரித்தார்.

"அந்த ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள் சுகந்தி. "விழுமா விழாதான்னு கேளுங்க."

விழவில்லை. முதல் மருந்துக்கு விழவில்லை, அடுத்ததற்கும் விழவில்லை. ஒவ்வொன்றாக ஆறு குழிகளிலும் மருந்து விட்டு, கெடு முடிந்து, ஆறு கணக்குகளையும் 'கேட்கவில்லை' என்று மெஷின் மூடிவிட்டது. ஏழாவது மருந்து எல்லாவற்றிலும் கொடியது. உள்ளங்கைத் தோலை உரித்துவிடும், வாயைப் புண்ணாக்கிவிடும். அதனால் மற்ற ஆறும் கைவிட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்று விதி. ஆரம்ப காலத் தட்டுகளில் ஏழாம் குழியில் மருந்தே விடமாட்டார்கள். மருந்து இல்லாத செல்கள் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க அது சும்மா இருக்கும். சும்மா இருப்பவனைக் கண்டால் மேலிடத்துக்குப் பொறுக்குமா? வரிசையில் இத்தனை பேர் காத்திருக்கையில் ஒரு குழியை வீணடிப்பதா என்று அதிலும் மருந்து விடச் சொல்லிவிட்டார்கள். ஒப்பீட்டை மெஷினே கணக்குப் போட்டுக்கொள்ளும் என்றார்கள்.

மிருதுளா ஏழாம் குழியில் மருந்து விட்டது ஆயுத பூஜையன்று காலையில். மற்ற நோயாளிகளின் தட்டுகளை முந்தைய நாளே முடித்துக் கழுவியிருந்தார்கள். பூபாலனின் தட்டு ஒன்றுதான் பாக்கி.

கோயம்புத்தூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. பட்டறையில் ஸ்பேனர் முதல் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். தட்டை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது? ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் அருணகிரி வெளிநாட்டில் படித்தவர்தான். ஆனாலும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஓடற மெஷினுக்குப் பொட்டு வைக்கறது மரியாதை இல்லை. அணைச்சிரு மிருதுளா" என்றார்.

"உள்ள ஒரு தட்டு இருக்குதுங்க சார்."

"ஒரு அரைமணி நேரத்துல என்ன ஆயிரப்போகுது?"

மிருதுளாவுக்கும் அதேதான் தோன்றியது. ஒவ்வொரு வருடமும் அணைக்கிற கைதானே. அணைத்தாள். மெஷினைத் திறந்து உள்ளே துடைத்து, கதவில் விபூதிப் பட்டை போட்டார்கள். ஆஸ்பத்திரியின் பெரியவர் ஒருவர் வந்துதான் ஆரத்தி காட்ட வேண்டும் என்றார்கள். அவர் நாலு இடத்தில் பூஜை முடித்துவிட்டு மத்தியானம்தான் வந்தார். அதுவரை திறந்த மெஷின் ஏசிக் காற்றில் கிடந்தது. பொரியும் கடலையும் கொடுத்து, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்ட பிறகு அவள் திரும்ப ஓட விட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால் கோடு விழுந்திருந்தது. ஏழாம் குழி: மருந்து கேட்கிறது.

சுகந்தி அவளைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். பூபாலன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "விழுந்துருச்சுங்களா? நெசமாவே விழுந்துருச்சுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மிருதுளாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் அந்த அறையில் நல்ல செய்தி சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. அன்றைக்கே பூபாலனுக்கு மருந்தை ஏற்றினார்கள்.

தீர்ப்பு வந்த தட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கழுவும் நாள் வரை மெஷினுக்குள் ஒரு மூலையில் கிடக்கும். அடுத்த வாரம் கழுவுவதற்காக எடுத்தபோது மிருதுளா தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். ஏழாம் குழியின் கோடு மேலே ஏறியிருந்தது. மற்றக் குழிகளின் கோடுகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். பூஜையன்று ஏழும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தன. இரண்டு நாள் கழித்து ஏழும் ஒன்றாக எழுந்திருந்தன. ஆறின் கணக்கை மூடிவிட்டதால் அவை விழுந்ததை மெஷின் சட்டை செய்யவில்லை. தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஏழு குழிகளிலும் செல்கள் தங்கத்தின் மேல் சுகமாக ஒட்டிப் படுத்திருந்தன.

டாக்டர் அருணகிரியின் அறைக்குப் போனாள்.

"சார், செத்த செல் மறுபடியும் வந்து ஒட்டுமா?"

"செத்தவன் எந்திரிச்சு உக்காருவானா? என்ன கேள்வி இது?"

"பூபாலனோட தட்டுல ஒட்டியிருக்குதுங்க சார். ஏழு குழியிலயும்."

அவர் வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"குளிர்ல புடி தளர்ந்திருக்கு. சூடு வந்ததும் திரும்பப் புடிச்சுக்கிச்சு" என்றார். "எந்த மருந்தும் கேக்கலை."

"நாந்தானே சார் அணைச்சேன்."

"அணைக்கச் சொன்னது நான்."

"இன்னொருக்கா ஊசி போட்டு செல் எடுக்கலாமுங்களா?"

"ஒரு ஆளுக்கு ஒரு ஊசிதான்னு சட்டம். உனக்குத் தெரியாதா?"

"அப்பத் தப்புன்னு எழுதிரலாங்க சார்."

"எழுதினா ஏழும் கேக்கலைன்னு ஆயிரும். அன்னைக்கே அவர் கார்டு மூடிரும். அப்புறம் வலி மாத்திரைக்குக்கூட அவங்க தெருத்தெருவா அலையணும்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இன்னொண்ணும் இருக்கு மிருதுளா. தட்டு தப்பாச் சொல்லும்னு ஒருதடவை வெளிய தெரிஞ்சா, தட்டு சொல்லுச்சுன்னு நாம வீட்டுக்கு அனுப்பினோமே, அத்தனை குடும்பமும் நாளைக்கு வாசல்ல வந்து நிக்கும். எங்க ஆளுக்கும் தப்பாச் சொல்லியிருந்தா என்ன பண்றதுன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

மிருதுளாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

"அது மருந்து இல்லீங்க சார் இப்ப. வெறும் விஷம்."

"தெரியும். நீ போய் அந்தம்மாகிட்ட வாயால சொல்லு. மருந்தை அவங்களா நிறுத்திக்கட்டும், கார்டு அதுபாட்டுக்கு இருக்கட்டும். மருந்து இல்லாம இருந்தா இருக்கற நாளாவது நல்லபடியா சாப்பிட்டு, பேசிட்டு இருப்பாரு. நம்மால முடிஞ்சது அவ்வளவுதான்."

அவள் கணபதிக்குப் போனாள். பட்டறையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் லேத், பின்பக்கம் குடித்தனம். லேத் மேல் சாக்குத் துணி போர்த்தியிருந்தது. சுகந்தி சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"வா அம்மிணி, வா. அவருக்குக் கஞ்சி மட்டுந்தான் எறங்குது. வாயெல்லாம் வெந்து போச்சு. நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம், ஆஸ்பத்திரில சொன்னாங்க."

மிருதுளா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தான் அணைத்தது, குளிர் பட்டது, செல்கள் பிடி தளர்ந்தது, திரும்ப ஒட்டியது, ஏழாவது மருந்தும் கேட்காது என்பது, எல்லாம். அந்த மருந்து அவரைப் பிழைக்க வைக்காது, வதைக்கும், நிறுத்திவிடுங்கள் என்று சொல்லி முடித்தாள். அடி விழும் என்றுதான் நின்றாள்.

சுகந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏழு கோடுமேவா விழுந்துச்சு?"

"ஆமாங்க்கா."

"பூஜை நடக்கறப்பவா?"

"ஆமாங்க்கா. ஆனா..."

சுகந்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "எங்க மேல எரக்கப்பட்டுச் சாமி தட்டி உட்டிருக்குது."

"அது சாமி இல்லீங்க்கா. குளுரு."

"குளுரை அனுப்புனது ஆரு?"

மிருதுளா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். சுகந்தி சட்டென்று குனிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகும். சொல்லிப்போடாத."

"ஆரு சுகந்தி வந்திருக்கறது?" என்று உள்ளேயிருந்து பூபாலனின் குரல் வந்தது.

"ஆஸ்பத்திரில இருந்து மிருதுளா பொண்ணு வந்திருக்குதுங்க" என்று சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

பூபாலன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தலையணை மேல் மல்லாத்தி வைத்திருந்தார். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து சதை சிவந்து கிடந்தது. டம்ளரைப் பிடிக்க முடியாது, சுகந்திதான் ஊட்டினாள். வாழ்நாள் முழுக்க இரும்பைப் பிடித்த கை அது.

"வாங்க அம்மிணி. உங்க புண்ணியத்துல இன்னும் இருக்கறேன். ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். இந்த எரிச்சல் தாங்க முடியலீங்க, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இது மருந்து உள்ள வேலை செய்யறதுனாலதானுங்களே? வேலை செய்யுதுன்னா எம்புட்டு வலிச்சாலும் பரவால்லீங்க."

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். கதவருகே சுகந்தி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஆமாங்ணா" என்றாள் மிருதுளா. "வேலை செய்யறதுனாலதான்."

"அதானே" என்றார் பூபாலன். முகமே மலர்ந்துவிட்டது.

அவள் பஸ்ஸில் திரும்பும்போது அந்த மலர்ந்த முகத்தை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். ஒவ்வொரு முறை மருந்தேற்ற வரும்போதும் பூபாலன் இரண்டாவது மாடிக்கு வந்து அவளுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போவார். பிறகு ஏறி வர முடியாமல் கீழேயிருந்து சொல்லியனுப்பினார். மார்கழியில் இறந்துபோனார். 'மருந்து கேட்டது, உடல் தாங்கவில்லை' என்று மெஷின் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. தட்டு பொய் சொல்லாது என்பதற்கு இன்னொரு சாட்சி அதற்குக் கிடைத்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் சுகந்தி ஆய்வகத்துக்கு வந்தாள். கூடவே ஒரு இளம்பெண், கையில் மஞ்சள் பை. மிருதுளா எழுந்து நின்றாள். இத்தனை நாள் எதிர்பார்த்த அடி இன்றைக்கு விழும் என்று நினைத்தாள், விழட்டும் என்றும் நினைத்தாள்.

"இவ ஜமுனா" என்றாள் சுகந்தி. "எங்க பட்டறைல வேலை செஞ்ச பையனோட சம்சாரம். அவனுக்கும் கணையந்தான். ஆறு குழி போச்சு. ஏழாவது குழில இன்னைக்குத்தான் மருந்து உட்டீங்களாம்."

ஜமுனா பையைத் திறந்தாள். உள்ளே தேங்காயும் பழமும் சூடமும் இருந்தன.

"அன்னைக்கு அவருக்கு நிறுத்தி வெச்சீங்களாமே. அதே மாதிரி எங்க வூட்டுக்காரருக்கும் ஒருக்கா நிறுத்தி வெச்சு, பூஜை பண்ணி..."

மிருதுளா சுகந்தியின் பக்கம் திரும்பினாள். "என்னங்க்கா இது? நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? அது சாமி இல்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அந்த மருந்து அண்ணனை என்ன பாடுபடுத்துச்சுன்னு நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தேன். நாந்தானே அந்தக் கையைத் தொடைச்சு உட்டேன்." சுகந்தி முக்காலியில் உட்கார்ந்தாள். "நீ சொன்னது எனக்கு வெளங்காம இல்லை அம்மிணி. அன்னைக்கே வெளங்கிருச்சு. நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். குளுருன்னா குளுருதான்."

"அப்புறம் சாமின்னு..."

"வேற என்ன சொல்லி உன்ற வாயை அடைக்கறது? உள்ள படுத்திருக்கற மனுசங்கிட்டப் போயி, உங்களுக்கு மருந்தே இல்லீங்க, பொழைக்க மாட்டீங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? வலி வர்றப்பல்லாம், வேலை செய்யுது சுகந்தி, வேலை செய்யுதுன்னு சிரிப்பாரு. சாகற வரைக்கும் அந்தாளு சாவுக்குப் பயப்படலை. ஆனா கடைசி வாரம் கத்துன கத்து இருக்குது பாரு, அது இன்னும் என்ற காதை உட்டுப் போகலை. நான் செஞ்சது சரிதானான்னு மட்டும் கேக்காத. எனக்குத் தெரியலை."

"தெரியாமத்தான் இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணு உடாமச் சொன்னேன். கேட்டுட்டு அவதான் என்னைக் கூட்டிட்டு வந்தா."

மிருதுளா ஜமுனாவைப் பார்த்தாள். அழுது ஓய்ந்த முகம். இனி அழுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"அக்கா, விழலைன்னா அவருக்கு என்ன குடுப்பீங்க?" என்று ஜமுனா கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. கார்டை மூடிருவாங்க."

"விழுந்துதுன்னா?"

"ஏழாவது மருந்து குடுப்பாங்க. அது கேக்காதும்மா. கைத்தோலு உரியும், வாயி வெந்து போகும். அவ்வளவு வேதனையும் பட்டுட்டு அவரு எப்படியும்..."

"அது தெரியுங்க்கா. பொழைச்சிருவோம்னு எத்தனை நாளைக்கு நெனைச்சுட்டு இருப்பாரு?"

ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. டாக்டர் அருணகிரியின் அறை திறந்திருந்தது. அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும். மிருதுளா அந்தப் பக்கம் திரும்பினாள். வந்து தடுப்பார், திட்டுவார், இவர்களை வெளியே அனுப்புவார் என்று எதிர்பார்த்தாள். அப்படி அனுப்பினால் நல்லது என்றும் இருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். யாரையும் பார்க்காமல், சத்தம் வராமல், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிருதுளா பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

"சூடமெல்லாம் வேண்டாங்க, பைக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள். பிறகு மெஷின் பக்கம் போய், அதன் கதவில் கை வைத்தபடி, ஜமுனாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரரு பேரு என்னங்க?"